சட்டம் கேளுங்கள்

கேள்வி: கிளிநொச்சியில் எங்கள் வளவுக்குப் பக்கத்தில் தார் கலக்கும் ஆலை ஓடுகிறது. அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய். நட்டஈடு கேட்கலாமா?

பதில்: மாவட்ட நீதிமன்றத்தில் கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள். அந்தக் காலம் எப்போது தொடங்கியது என்பதே முதல் தகராறாகும், தாமதியாதீர்கள். இவ்வகை வழக்குகள் பெரும்பாலும் விழுவது காரணத்தொடர்பில், அதாவது நோய்க்கு ஆலையே காரணம் என்று நிறுவுவதில். பீடிப் புகையோ அடுப்புப் புகையோ அல்ல, ஆலைப் புகையே காரணமாயிருக்கக் கூடுதல் வாய்ப்பு என்று புற்றுநோய் வைத்திய நிபுணர் எழுதித்தர வேண்டும். வெறும் கிளினிக் கொப்பி போதாது. திசுப் பரிசோதனை அறிக்கை, கிராம அலுவலரின் வதிவிடச் சான்று தேவை. ஆலையின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தையும் புகை அளவீடுகளையும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். ஆலை வீட்டுக்குத் தென்மேற்கில் என்றால், கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் நாட்களைத் திகதியோடு குறியுங்கள். யாழ்ப்பாணத்துச் சுன்னாகக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததற்கு 2019இல் உயர் நீதிமன்றம் விதித்த 2 கோடி ரூபாய் நட்டஈடு தண்ணீர் மாசுக்கானது, புற்றுநோய்க்கல்ல. புகையை நிறுத்த மட்டுமென்றால், நீதவான் நீதிமன்றில் பொதுத்தொல்லை முறைப்பாடே சுருக்கவழி.