அமெரிக்கக் கால்பந்தில், முதல் சுற்றில் எடுத்த ரன்னிங் பேக் முதல் சீசனிலேயே 1,000 யார்டு ஓட வேண்டும் என்று ரசிகர்கள் எதிர்பார்ப்பது நியாயமா?

நியாயமில்லை. ஆனால் "புதுப் பையன், இரண்டு வருடம் பொறுங்கள்" என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. குவாட்டர்பேக் என்றால் பொறுக்கலாம். ரன்னிங் பேக்கின் கால்களுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. வந்த வருடமே நிறைய எதிர்பார்க்கலாம், தப்பில்லை. அந்த எதிர்பார்ப்பை யார்டுக் கணக்கில் வைப்பதில்தான் கோளாறு.

என்எஃப்எல் என்ற அந்த லீக்கைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: ஒரு அணிக்கு நான்கு வாய்ப்புகள், அதற்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு டவுன். குவாட்டர்பேக் பந்தை எறிவார், இல்லையென்றால் பின்னால் நிற்கும் ரன்னிங் பேக்கின் கையில் கொடுப்பார். அவர் எதிராளிகளுக்கு நடுவே புகுந்து ஓட வேண்டும். கல்லூரி ஆட்டக்காரர்களை 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் வரிசையாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் உரிமை.

நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன், நியூயார்க் ஜெயன்ட்ஸ் அணியின் ரசிகன். அதனால் 2018-ஐ வைத்துத்தான் பேச வருகிறது. அந்த வருட டிராஃப்டில் இரண்டாவது ஆளாக பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் சேக்வான் பார்க்லியை ஜெயன்ட்ஸ் எடுத்தது. அப்போது எங்கள் குவாட்டர்பேக் ஈலை மேனிங்குக்கு 37 வயது. அதே டிராஃப்டில் சாம் டார்னல்ட், ஜாஷ் ஆலன், லமார் ஜாக்சன் என்று குவாட்டர்பேக்குகள் வரிசையில் நின்றார்கள். அவர்களை எல்லாம் விட்டுவிட்டு ஒரு ரன்னிங் பேக்கா என்று அலுவலகத்தில் பாதிப் பேர் தலையில் அடித்துக்கொண்டார்கள். மீதிப் பேர் மறுநாளே 26-ஆம் எண் சட்டை வாங்கிவிட்டார்கள். நான்கு வருட ஒப்பந்தம், சுமார் 31 மில்லியன் டாலர். இவ்வளவு கொடுத்த பிறகு எதிர்பார்ப்பு எப்படி இருக்கும்? ஆளைப் பார்த்து வருவதைவிட அவரை எடுத்த எண்ணைப் பார்த்து வருவதே அதிகம். இதே பார்க்லி மூன்றாவது சுற்றில் வந்திருந்தால் 700 யார்டுக்கே கொண்டாடியிருப்பார்கள்.

முதல் ஆட்டம் ஜாக்சன்வில் அணியோடு. 18 தடவை பந்தை வாங்கி 106 யார்டு, அதில் ஒரே ஓட்டத்தில் 68 யார்டு, டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டுவது). எல்லாருக்கும் அந்த ஓட்டம்தான் நினைவிருக்கிறது. மிச்சமிருந்த 17 தடவையில் 38 யார்டுதான் என்பதை அன்று யாரும் பேசவில்லை. ஆட்டத்தில் ஜெயன்ட்ஸ் தோற்றது. அடுத்த வாரம் டாலஸோடு 11 தடவை ஓடி 28 யார்டு; பந்தைப் பிடித்ததோ 14 தடவை. முன்னால் நிற்கும் ஆஃபென்சிவ் லைன் தடுக்கத் திணறியதால், மேனிங் பக்கத்தில் நின்ற பையனிடம் பந்தைத் தள்ளிவிட்டுத் தப்பித்துக்கொண்டிருந்தார். அந்த லைனில் முதல் ஆட்டத்தில் ஆடிய எரிக் ஃப்ளவர்ஸை அக்டோபரிலேயே அனுப்பிவிட்டார்கள்.

சீசன் முடிவில் பார்க்லியின் கணக்கு: ஓட்டத்தில் 1,307 யார்டு, பிடித்த பந்துகள் 91. புதிதாக வந்த ரன்னிங் பேக் யாரும் அதுவரை அத்தனை பிடித்ததில்லை. சிறந்த புதுமுக விருதும் அவருக்குத்தான். அணியின் கணக்கு: 5 வெற்றி, 11 தோல்வி. ரசிகர் கேட்ட ஆயிரம் கிடைத்தது, கூடவே விருது கிடைத்தது, அணி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இதை எதிர்பார்ப்பு நிறைவேறியது என்பதா, இல்லை என்பதா?

அந்த ஒரே வருடத்து டிராஃப்டை முழுதாக எடுத்துப் பாருங்கள், ஆயிரம் யார்டு என்ற அளவுகோல் எவ்வளவு அசட்டுத்தனம் என்று புரியும். 27-ஆவதாக சியாட்டில் எடுத்த ரஷாட் பென்னி ஓடியது 419 யார்டு. காரணம், அங்கே முந்தைய வருடம் ஏழாவது சுற்றில் வந்த கிறிஸ் கார்சன் இருந்தார். அவர் 1,151 யார்டு ஓடி இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 31-ஆவதாக நியூ இங்கிலாந்துக்குப் போன சோனி மிஷெல் 931-இல் நின்றுவிட்டார். ஆனால் அந்த சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் இரண்டு அணிகளும் சேர்ந்து போட்ட ஒரே டச்டவுன் அவருடையது. ஆயிரத்தைத் தொடவில்லையே என்று அந்த அணியின் ரசிகர்கள் இருக்கும் பாஸ்டனில் யாராவது வருத்தப்பட்டிருப்பார்களா?

இன்னும் சுவாரசியமானவர் நிக் சப். இரண்டாவது சுற்று, கிளீவ்லண்ட். முதல் ஆறு ஆட்டங்களில் அவர் கைக்குப் பந்து வந்ததே மொத்தம் 16 தடவை. அதில் ஓக்லண்டுக்கு எதிரான ஆட்டத்தில் மூன்றே தடவை வாங்கி 105 யார்டு, இரண்டு டச்டவுன்! அப்படியும் அடுத்தடுத்த ஆட்டங்களில் பெஞ்சில்தான். முன்னால் இருந்த கார்லோஸ் ஹைடை அக்டோபரில் வேறு அணிக்கு மாற்றிய பிறகுதான் சப்புக்கு வழி திறந்தது. கடைசி ஆட்டத்தில் ஆயிரத்தைத் தாண்டியவர், பிறகு ஒரு ஓட்டத்தில் பின்னால் தள்ளப்பட்டு 996-இல் முடித்தார். அந்த நான்கு யார்டை வைத்துக்கொண்டு அவரைத் தோல்வி என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

38-ஆவதாக டாம்பா எடுத்த ரொனால்ட் ஜோன்ஸ் அந்த சீசன் முழுக்க ஓடியது 44 யார்டு. அச்சுப் பிழை இல்லை, நாற்பத்து நான்குதான். 2020-இல் அதே அணிக்காக 978 ஓடினார். பார்க்லியைத் தவிர இந்தப் புதுமுகங்கள் எல்லாரையும் ஓரங்கட்டியவர் டென்வரின் ஃபிலிப் லிண்ட்சே. ஏழு சுற்றிலும் யாரும் அவரைச் சீண்டவில்லை. தானாக வந்து சேர்ந்து 1,037 யார்டு ஓடினார், அதே அணி மூன்றாவது சுற்றில் எடுத்த ராய்ஸ் ஃப்ரீமனையும் முந்திக்கொண்டு.

இந்தப் பட்டியலில் திறமை வரிசை என்று ஒன்றும் தெரியவில்லை. முன்னால் யார் நிற்கிறார், அணியில் ஏற்கெனவே யார் இருக்கிறார், பயிற்சியாளர் யாரை நம்புகிறார் என்பதுதான் தெரிகிறது.

ரசிகர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அவர்கள் கண்முன்னால் உதாரணங்கள் இருந்தன. 1983-இல் எரிக் டிக்கர்சன் வந்த வருடமே 1,808 யார்டு ஓடினார்; புதுமுகச் சாதனையாக அது இன்னும் நிற்கிறது. 2016-இல் டாலஸின் எசக்கியல் எலியட் 1,631 யார்டு ஓடி லீக்கிலேயே முதலிடம். பார்க்லியை எடுத்தபோது ஜெயன்ட்ஸ் ரசிகர்கள் மனதில் எலியட்தான் இருந்தார், எங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும் என்று. ஆனால் எலியட் வருவதற்கு முன்பே டாலஸ் 2011, 2013, 2014 என்று மூன்று முதல் சுற்று வாய்ப்புகளை லைனுக்காகச் செலவழித்திருந்தது: டைரன் ஸ்மித், ட்ராவிஸ் ஃப்ரெட்ரிக், ஸாக் மார்ட்டின். ரோடு போட்டுவிட்டுத்தான் வண்டி வாங்கினார்கள். நாங்கள் வண்டியை மட்டும் வாங்கினோம்.

இதற்கு மேல் ஆதாரம் வேண்டுமென்றால் அதுவும் பார்க்லியேதான். 2023-இல் ஜெயன்ட்ஸுக்காக 962 யார்டு, ஒரு ஓட்டத்துக்குச் சராசரி 4 யார்டுகூட இல்லை. அடுத்த வருடம் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார். லைனில் ஜோர்டன் மயலாட்டா, லேன் ஜான்சன் போன்ற மலைகளுக்குப் பின்னால் நின்று 2,005 யார்டு, சராசரி 5.8, கையோடு சூப்பர் பவுலும். வயது ஒன்று கூடியிருந்தது, முழங்கால் தசைநார் 2020-இலேயே கிழிந்து தைத்தது. மனிதர் அதேதான். (ஜெயன்ட்ஸ் ரசிகனாக இதை எழுதுவது சுலபமில்லை. அவர் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனால் தூக்கம் வராது என்று எங்கள் அணி உரிமையாளரே கேமரா முன் சொன்னார்.)

சரி, யார்டைப் பார்க்கக் கூடாது என்றால் வேறு எதைப் பார்ப்பது? என்னைக் கேட்டால், பந்து அவர் கையில் இல்லாதபோது என்ன செய்கிறார் என்பதை. மூன்றாவது டவுன், எட்டு யார்டு வேண்டும். குவாட்டர்பேக் பந்தை எறியத்தான் போகிறார் என்று அரங்கத்தில் பாப்கார்ன் விற்பவருக்கும் தெரியும். எதிரணி லைன்பேக்கர் (தற்காப்பு ஆட்டக்காரர்) ஒருவர் இந்தப் பக்கம் வருவதுபோல் காட்டிவிட்டு அந்தப் பக்கம் பாய்வார். லைனில் இருக்கும் ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு வேலை இருக்கும்; ஆறாவதாக வருபவரை ரன்னிங் பேக்தான் நிறுத்த வேண்டும். அவர் யாரென்று கண்டுபிடிக்க ஒரு நொடிகூட இல்லை. தவறவிட்டால் குவாட்டர்பேக் தரையில் கிடப்பார், சில சமயம் சீசன் முழுக்கவும் வெளியே இருப்பார். கல்லூரியில் பல ரன்னிங் பேக்குகளுக்கு இந்த வேலை அவ்வளவாகக் கிடையாது. பந்தைக் கொடுத்தார்கள், ஓடினார்கள். அங்கே 2,000 யார்டு ஓடியவனைக்கூட இங்கே மூன்றாவது டவுனில் வெளியே கூப்பிட்டுக்கொள்வது இதனால்தான். "அவ்வளவு பணம் கொடுத்து வாங்கியவனை ஏன் உட்கார வைத்திருக்கிறார்கள்?" என்று டிவி முன்னால் கத்துகிறோமே, பல நேரம் பதில் இதுதான். இந்தத் தடுப்புக்கு ஃபேன்டஸி லீகில் (ஆட்டக்காரர்களின் எண்களை வைத்து ரசிகர்கள் கற்பனை அணி நடத்தும் விளையாட்டு) ஒரு புள்ளிகூடக் கிடையாது. அதனாலேயே யார் கண்ணிலும் படுவதில்லை. ஃபேன்டஸி வந்த பிறகு ரசிகர்களின் பொறுமை பாதியாகிவிட்டது என்பது என் எண்ணம். தன் அணி ஜெயித்த ஞாயிற்றுக்கிழமையிலும் ரன்னிங் பேக் 40 யார்டுதான் ஓடினார் என்று முகத்தைத் தொங்கப்போடுகிறவர்களை அலுவலகத்தில் பார்க்கிறேன்.

ஆயிரம் என்ற எண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1977 வரை சீசனுக்கு 14 ஆட்டங்கள், அப்போது ஆயிரம் என்றால் ஆட்டத்துக்கு 71 யார்டு. 2021 முதல் 17 ஆட்டங்கள், 59 போதும். எண் மாறவில்லை, அதன் விலை இறங்கிவிட்டது. அந்தப் பழைய 14 ஆட்டக் காலத்தில், 1975-இல், சிகாகோவுக்காக வால்டர் பேட்டன் ஆடிய முதல் ஆட்டத்தின் கணக்கைப் பாருங்கள்: 8 ஓட்டம், 0 யார்டு. முதல் சீசனில் மொத்தம் 679. பிறகு 16,726 யார்டோடு ஓய்வு பெற்றார், அன்றைக்கு அது லீக் சாதனை.

எதிர்பார்ப்பை அணியே ஏற்றிவிட்ட கதை ஒன்றும் உண்டு. 1999-இல் ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஒருவருக்காக நியூ ஆர்லீன்ஸ் அந்த டிராஃப்டில் தன்னிடம் இருந்த எல்லா வாய்ப்புகளையும், அடுத்த வருடத்தின் முதல், மூன்றாம் சுற்றுகளையும் சேர்த்துக் கொடுத்தது. வில்லியம்ஸ் கல்யாண கவுன் போட்டுக்கொண்டு, பயிற்சியாளர் மைக் டிட்காவோடு மணமக்களாகப் பத்திரிகை அட்டையில் நின்றார். காயங்களுக்கு நடுவே 12 ஆட்டங்களில் 884 யார்டு. அப்படி ஒன்றும் கேவலமான எண் இல்லை. அணிக்கு 3 வெற்றி, 13 தோல்வி; டிட்காவின் வேலை போனது. ஒருவருக்காக ஒரு டிராஃப்டையே கொடுத்தால் பையன் 1,800 ஓடினாலும் ஈடாகாது.

2025-இல் லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் ஆறாவதாக எடுத்த ஆஷ்டன் ஜென்டியிடம் இதே படம் மறுபடி ஓடியது. பாய்சி ஸ்டேட்டில் கடைசி வருடம் 2,601 யார்டு ஓடியவர், பேரி சாண்டர்ஸின் கல்லூரிச் சாதனைக்கு 27 யார்டுதான் குறைவு. என்எஃப்எல்லில் முதல் ஆட்டம்: 19 ஓட்டம், 38 யார்டு. ஒரு டச்டவுன் போட்டார், அணியும் ஜெயித்தது. இருந்தும் அடுத்த நாளே "ஏமாற்றம்" என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

எண்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், முதல் சுற்றுக்காரரிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: நவம்பருக்குள் மூன்றாவது டவுனிலும் களத்தில் நிற்க வேண்டும், பந்தை அடிக்கடி தவறவிடக் கூடாது, முதலில் மோதுகிறவரோடு விழாமல் அதற்குப் பிறகும் ஓரிரண்டு யார்டு இழுத்துக்கொண்டு போக வேண்டும். 650 யார்டோடு இதைச் செய்கிற பையன் கிடைத்தால் எனக்குத் திருப்தி. ஆயிரத்தை லைனைக் கட்டுகிற மேலாளரிடம் கேளுங்கள்.