ஓபராவும் ஒரு சிறுமியின் குரலும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் தங்கச்சிமடத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். 12 வயதாகும் என் மகள் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் சோப்ரானோ, அதாவது பெண்குரலின் உச்ச ஸ்தாயி, பாடுகிறாள். மொசார்ட்டின் ‘மாயக் குழல்’ ஓபராவில் இரவின் அரசி பாடும் பாடலை யூடியூபில் கேட்டே உச்ச ஸ்வரங்களோடு பாடிவிடுகிறாள். இணையவழியில் கற்றுத்தரும் ஓர் ஆசிரியை அடுத்த ஆண்டே அவளை மேடையேற்றலாம் என்கிறார். வேறொருவர், 18 வயதுவரை ஓபராவின் பக்கமே போகக் கூடாது என்கிறார். சோப்ரானோ குரலுள்ள பெண்குழந்தை எந்த வயதில் ஓபரா பாடத் தொடங்கலாம்? கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் சிறுவயதிலேயே மேடையேறியவர்கள்தானே? வேல்ஸ் நாட்டுப் பாடகி சார்லட் சர்ச் 12 வயதில் இசைத்தொகுப்பு வெளியிடவில்லையா? தயிர், ஐஸ்கிரீம் ஆகியவற்றை நிறுத்த வேண்டுமா?

ஒரு தந்தை, தங்கச்சிமடம்

அன்புள்ள நண்பருக்கு,

தயிரும் ஐஸ்கிரீமும் குரலைக் கெடுப்பதில்லை. குழந்தை தயிர்ச்சோறு சாப்பிடட்டும், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். சார்லட் சர்ச்சைப் பற்றியும் நீளமாகப் பேசத் தேவையில்லை. 1998இல் வந்த அந்தத் தொகுப்பு, ஒலிவாங்கியின் முன் நின்று பாடிய தனிப்பாடல்களின் பதிவு. ஓபரா என்பது ஒலிவாங்கி இல்லாமல், ஒரு பெரிய வாத்தியக் குழுவின் ஓசையைத் தாண்டி, அரங்கின் கடைசி வரிசைவரை கேட்கும்படி, நடித்துக்கொண்டே மணிக்கணக்கில் பாடுவது.

வயதைக் கேட்டிருக்கிறீர்கள். பாட்டுப் பயிற்சிக்கு 12 வயது சிறியதே அல்ல. மூச்சைக் கையாளுதல், சுருதி சுத்தம், இசைக்குறிப்புகளை வாசித்தல், தொண்டைக்கு வலியில்லாத எளிய பாடல்கள் ஆகிய எல்லாவற்றையும் இப்போதே கற்கலாம். 16, 17 வயதில் குரல் ஒரு நிலைக்கு வந்தபின் ஓபராவின் தனிப்பாடல்களான ஆரியாக்களில் சிறியவற்றைத் தொடலாம். முழுப் பாத்திரங்கள் இருபதுகளுக்கு உரியவை. கனமான பாத்திரங்கள் அதற்கும் பிறகுதான். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபரா நாயகிகளுக்குப் பேர்போன பாடகி கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட் 18 வயதில் மேடைக்கு வந்தவர், ஆனால் அந்தக் கனமான பாத்திரங்களில் ஒன்றான ஈசோல்டேயை முதன்முதலில் பாடியது 1932இல், 36 வயதில்.

உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொரு வரி. இரவின் அரசியை ‘உச்ச ஸ்வரங்களோடு பாடிவிடுகிறாள்’ என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாடலின் உச்சியில் குரல்நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 1400 முறை அதிர்கின்றன. சிறுமியின் குரல்நாண்கள் குட்டையாகவும் மெல்லியதாகவும் இருப்பதால் அவளால் அவ்வளவு உயரத்தைத் தொட முடிகிறது. அது குழந்தைத் தொண்டையின் இயல்பு. அதைப் பக்குவம் என்று நீங்கள் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். குரல்நாண்களின் உள்ளே இழுவையைத் தாங்கும் தசைநார் முழுமையடைய வளரிளம் பருவம் முடிய வேண்டும். அதற்கு முன்பே, காணொளியில் பாடும் முப்பது வயதுப் பெண்ணின் கனத்தைக் கொண்டுவர வேண்டும் என்று நாக்கை அழுத்தி, குரல்வளையைக் கீழே தள்ளி, மூச்சை முட்டிப் பாடுவதில்தான் கேடு இருக்கிறது. சிறு வத்தையில் விசைப்படகின் எஞ்சினைப் பூட்டினால் வத்தை ஓடத்தான் செய்யும், ஆனால் பலகை பிளப்பது நடுக்கடலில்.

மொசார்ட் இதை நன்றாக அறிந்திருந்தார். 1786இல் ‘ஃபிகரோவின் திருமணம்’ அரங்கேறியபோது பார்பரினா வேடத்தைப் பாடிய அன்னா காட்லீபுக்கு உங்கள் மகளின் வயதுதான். அவளுக்குத் தனியாகப் பாடக் கிடைத்தது மிகச் சிறிய ஒரு பாடல், அதுவும் தொண்டையை வருத்தாத ஸ்தாயியில். 1791இல் ‘மாயக் குழல்’ வந்தபோது, 17 வயதாகிவிட்ட அதே காட்லீப் அதன் நாயகி பாமினாவாகப் பாடினாள். இரவின் அரசியின் உச்ச ஸ்வரங்களையோ, முப்பதைத் தாண்டிய தம் மைத்துனி யோசெஃபா ஹோஃபரின் குரலுக்கென்றே அவர் எழுதினார்.

கிட்டப்பாவை நீங்கள் சாட்சிக்கு அழைத்தது எனக்குக் கோபத்தையே தருகிறது. ஒவ்வொரு பெற்றோரும் இந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். அந்தக் கால நாடக மேடையிலும் ஒலிபெருக்கி கிடையாது, ஆகவே ஒப்பீடு பொருத்தமானதுதான். ஆனால் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பால சபை போன்ற, சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனிகளில், ஸ்திரீ பார்ட் என்ற பெண்வேடம் போட்டு இரவெல்லாம் உச்சத்தில் பாடிய எத்தனை சிறுவர்கள் பருவ வயதில் மகரக்கட்டு உடைந்து குரல் மாறியதும் பாட்டை இழந்தார்கள் என்பதை யார் கணக்கெடுத்தார்கள்? தப்பிப் பிழைத்தவர்களின் பெயர்கள் மட்டுமே நமக்குத் தெரிகின்றன. அந்தச் சில பெயர்களை வைத்துக்கொண்டு எல்லாக் குழந்தைகளையும் மேடையில் தள்ளுகிறோம். கிட்டப்பாவே 1933இல் 27 வயதில் மறைந்துவிட்டார். நாற்பது வயதில் அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு நம்மிடம் சான்றே இல்லை. பிறகு எதை நிறுவ அவரை அழைக்கிறீர்கள்?

பாம்பனில் எனக்கு ஓர் அக்கா இருந்தாள், பெரியம்மாவின் மகள். தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கு நாடகம் போடும்போது மாதாவின் புலம்பலை அவள்தான் பாடுவாள். அப்போது அவளுக்கு 13 வயது. மகனைப் பறிகொடுத்த தாயின் குரல் இப்படிக் கீச்சென்று இருக்கக் கூடாது, அடித்தொண்டையிலிருந்து கனமாக வர வேண்டும் என்று பாட்டு வாத்தியார் சொல்லிக்கொண்டே இருப்பார். அவளும் அப்படியே பாடினாள், ஊர் அழுதது. மறுநாள் பேசவே முடியாமல் கிடந்தவளுக்குப் பனங்கற்கண்டும் மிளகும் கொடுத்து அன்று இரவும் மேடையேற்றினார்கள். 16 வயதில் குரல் கம்மிப்போய் மதுரைக்கு அழைத்துச் சென்றபோது, குரல்நாண்களில் முடிச்சுகள் விழுந்திருப்பதாக மருத்துவர் சொன்னார். அதன்பின் அவள் கோயிலில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பாள். அக்காவைப் பாராட்டிச் சேலை போர்த்திய ஒருவருக்கும், வளரும் தொண்டையிடம் வளர்ந்தவளின் குரலைக் கேட்கிறோமே என்று தோன்றவில்லை.

பையன்களுக்குக் குரல் உடைவதை எல்லோரும் அறிவார்கள். பெண்குழந்தைக்கும் அந்த வயதில் குரல் மாறுகிறது. அது சில ஸ்வரங்கள் மட்டுமே இறங்குவதால் வீட்டில் ஒருவரும் கவனிப்பதில்லை. ஓரிரு ஆண்டுகள் குரலில் காற்றுக் கலக்கும், எட்டிய உயரம் எட்டாமல் போகும், நடுவில் குரல் தடுக்கும். குழந்தை பயந்துபோய் இன்னும் முட்டிப் பாடுவாள். ‘போன வருஷம் பாடினாயே’ என்ற ஒரு சொல் போதும், அவள் தொண்டையைக் கிழித்துக்கொள்ள. உங்கள் மகள் அந்த வாசலில் நிற்கிறாள், நீங்கள் மேடைத் தேதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

புகழ்பெற்ற ஸ்வீடன் ஓபரா பாடகி ஜென்னி லிண்டும் சிறுமியாகவே ஸ்டாக்ஹோம் மேடையில் ஏறியவர்தான். 1841இல், 20 வயதில், தேய்ந்துபோன குரலோடு பாரிஸில் பாட்டு ஆசிரியர் மானுவேல் கார்சியாவின் முன் நின்றபோது, குரலே மிச்சமில்லை என்றார் அவர். பல வாரங்கள் பாடாமல் இருந்த பிறகுதான் பாடமே தொடங்கியது. லிண்டுக்குக் கார்சியா கிடைத்தார். எங்கள் அக்காவுக்கு அப்படி ஒருவரும் கிடைக்கவில்லை.

உங்கள் மகள் பாடகர் குழுவை விட வேண்டியதில்லை. தேவையானால் சில மாதங்கள், கீழ்ஸ்தாயியில் பாடும் ஆல்டோ வரிசையில் நிற்கட்டும், அது தாழ்வல்ல. தொண்டை கரகரக்கும் நாளில் பாட்டை நிறுத்துங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். காணொளியில் அவள் இரவின் அரசியைக் கேட்கட்டும், கேட்டு மகிழட்டும். அந்த ஆசிரியையிடம், இவளுக்குக் குரல் மாறும் காலத்தில் எதைப் பாடச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். பெண்பிள்ளைக்கு அப்படி ஒன்று கிடையாது என்று அவர் சொன்னால், வகுப்பை அன்றே நிறுத்திவிடுங்கள்.

அன்புடன்.