1517-லேயே புராட்டஸ்டன்ட் சபை பிறந்துவிட்டதா?

தம்பி, 1517-இல் ஜெர்மன் துறவி மார்ட்டின் லூதர் புராட்டஸ்டன்ட் சபையைத் தொடங்கினார் என்று கட்டுரையில் எழுதியதைப் பேராசிரியர் ஏன் அடித்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் அடித்தது சரிதான். அந்த வருஷம் அக்டோபர் 31 அன்று லூதர் மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்டுக்கு, பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து 95 வாதங்களை அனுப்பியபோது அவர் ஒரு கத்தோலிக்கத் துறவி, சபையைத் திருத்த வேண்டும் என்றுதான் நினைத்தார், பிரிய அல்ல.

பணக் கதையை மட்டும் கட்டாயம் சேருங்கள், அதுதான் உயிர்நாடி. ஆல்பிரெக்ட் தன் பேராயர் பதவிக்காக ஃபுக்கர் என்ற வங்கிக் குடும்பத்திடம் பெருங்கடன் வாங்கியிருந்தார். பாவமன்னிப்புச் சீட்டு விற்ற பணத்தில் பாதி அந்தக் கடனை அடைக்கவும் மீதி ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்டவும் போனது. செத்துப்போன அப்பா அம்மாவின் ஆத்துமாவை மீட்கலாம் என்று நம்பி ஏழைகள் கொடுத்த காசு அது! படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கும்.

போப் லூதரைச் சபையிலிருந்து விலக்கியது 1521-இல். அப்புறம் 1529-இல் ஜெர்மனியின் ஸ்பேயர் நகரில் கூடிய பேரவையில், லூதருக்கு எதிரான தீர்மானத்தை எதிர்த்து 6 சிற்றரசர்களும் 14 நகரங்களும் முறையீடு கொடுத்தார்கள். எதிர்ப்புத் தெரிவிப்பவர் என்று பொருள்படும் 'புராட்டஸ்டன்ட்' என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான்.