அம்பு வாலாட்டிக்கொண்டு போகிறதா? உடனே புது அம்பு வாங்காதீர்கள்

கேள்வி: என்னுடையது 62 அங்குல மர ரிகர்வ் வில் (முனைகள் வெளிப்பக்கம் வளைந்த வில்). 28 அங்குல இழுப்புக்கு 35 பவுண்டு. நான் இழுப்பது 27 அங்குலம்தான். வலது கையால் நாண் இழுக்கிறேன், அம்பை ஷெல்ஃபின் (கைப்பிடிக்கு மேலே அம்பு உட்காரும் திட்டின்) மேலேயே வைத்து எய்கிறேன். கார்பன் அம்பு, 500 ஸ்பைன் (தண்டின் விறைப்பைச் சொல்லும் எண், எண் குறைந்தால் விறைப்பு அதிகம்), 30 அங்குல நீளம், 100 கிரெயின் எடையுள்ள முனை. அம்பு வாலை ஆட்டிக்கொண்டே போகிறது. ஒன்றின் இறகுகளை எடுத்துவிட்டு 15 மீட்டரில் எய்தேன். மற்ற அம்புகளுக்கு வலப்பக்கம் போய்க் குத்தியது. “அம்பு ரொம்பத் துவள்கிறது, 400 ஸ்பைன் வாங்கு” என்கிறார் நண்பர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் நண்பர் சொன்ன விதி சரிதான். வலது கைக்காரருக்கு இறகில்லாத அம்பு வலப்பக்கம் போனால் துவளல் அதிகம், இடப்பக்கம் போனால் விறைப்பு அதிகம். ஆனால் உங்கள் கணக்கோடு அது ஒட்டவில்லை. 27 அங்குலத்தில் உங்கள் விரலில் விழும் எடை 32, 33 பவுண்டுதான் இருக்கும். ஷெல்ஃபில் வைத்து எய்யும் மர வில்லில் அந்த எடைக்கு 500 ஸ்பைனும் 100 கிரெயின் முனையும் என்றால், அம்பு விறைப்பாகத்தான் இருக்க வேண்டும். அப்புறம் ஏன் வலப்பக்கம் போனது?

நாணை விட்டதும் அம்பு நேராகப் போவதில்லை. வளைந்து, வில்லைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கம் வளைந்து, அப்படியே நெளிந்துதான் போகிறது. 1930களிலேயே கிளாரன்ஸ் ஹிக்மன் இதை அதிவேகக் கேமராவில் படம்பிடித்துக் காட்டிவிட்டார். அம்பு போதுமான அளவு வளையாவிட்டால் வால் வில்லைத் தாண்டாமல் பக்கத் தகட்டில் (ஷெல்ஃபுக்குப் பக்கவாட்டில், அம்பு உரசும் இடத்தில் ஒட்டியிருப்பது) இடிக்கும். இடித்த வேகத்தில் வால் இடப்பக்கம் எகிறும், முனை வலப்பக்கம் திரும்பும். பார்ப்பவருக்குத் துவளும் அம்பு மாதிரியே தெரியும். இதை நம்பி இன்னும் விறைப்பான அம்பு வாங்கினால் இடி அதிகமாகும், அவ்வளவுதான்.

இடிக்கிறதா என்று பார்க்க முகப்பவுடரே போதும். அம்பின் கடைசி ஒரு சாணுக்கும் இறகுகளுக்கும் லேசாகப் பூசி எய்யுங்கள். பக்கத் தகட்டில் வெள்ளைத் தீற்று விழுந்திருந்தால், அல்லது இறகில் ஓரிடத்தில் மட்டும் பவுடர் துடைபட்டிருந்தால், சந்தேகமே வேண்டாம். அடுத்து 175 கிரெயின் முனைகள் மூன்று நான்கு வாங்கி, இறகுள்ள அம்பிலும் இல்லாத அம்பிலும் ஒரே மாதிரி திருகுங்கள். முனை கனத்தால் அம்பு அதிகமாக வளையும். நிஜமாகவே துவளும் அம்பு என்றால் இறகில்லாதது இன்னும் வலப்பக்கம் ஓடும். போலி அறிகுறி என்றால் வலப்பக்க ஓட்டம் குறையும், அல்லது ஒரேயடியாக இடப்பக்கம் தாவும். உங்களுக்கு இரண்டாவதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் மேல்-கீழ் விஷயத்தைச் சரிசெய்துவிட வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு நேரே ஸ்பைனுக்குப் போய்விடுகிறார்கள். முதலில் கைப்பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண் வரை அளந்து, வில் தயாரித்தவர் சொன்ன அளவுக்குள் வையுங்கள். நாணை முறுக்கினால் இடைவெளி கூடும், பிரித்தால் குறையும். அந்த வரம்புக்குள் எங்கே வில் சத்தம் குறைவாகப் போடுகிறதோ அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு நாக் (அம்பின் வாலில் நாணைக் கவ்வும் பிளவு) வைக்கும் இடம். அதை நாணில் ஒரு வளையமோ முடிச்சோ போட்டுக் குறிப்பார்கள். பித்தளை வளையத்தை விட நூல் சுற்றிய முடிச்சுதான் எனக்குப் பிடிக்கும், திருகி மேலே கீழே நகர்த்தலாம். ஷெல்ஃபிலிருந்து நாணுக்குச் செங்குத்தாகப் போகும் கோட்டிலிருந்து 16 மில்லிமீட்டர் உயரத்தில், கொஞ்சம் அதிகமாகவே தொடங்குங்கள். இறகில்லாத அம்பு மற்றவற்றுக்குக் கீழே குத்தினால் முடிச்சு உயரமாக இருக்கிறது, சிறிது சிறிதாக இறக்குங்கள். மேலே குத்தினால் ஏற்ற வேண்டும். ஏன் மேலிருந்து தொடங்கச் சொல்கிறேன் என்றால், இங்கும் அதே ஏமாற்று வேலை உண்டு: முடிச்சு ரொம்பக் கீழே இருந்தால் அம்பின் வால் ஷெல்ஃபில் பட்டுத் துள்ளி எழும், முடிச்சு உயரம் போலத் தெரியும், நீங்கள் இன்னும் இறக்குவீர்கள்.

நாக் நாணை இறுகக் கவ்வுகிறதா என்றும் பாருங்கள். அம்பை நாணில் மாட்டி, முனை தரையைப் பார்க்கத் தொங்கவிட்டு, பக்கத்தில் நாணை விரலால் சுண்டினால் அம்பு விழ வேண்டும்.

சரி, இனி ஸ்பைன். 28 அங்குல இடைவெளியில் தாங்கிய அம்புத் தண்டின் நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் அரை அங்குலம் வளைவதுதான் 500. எண் கூடக் கூட விறைப்பு குறையும். நீங்கள் 600, 700 ஸ்பைனில் ஒவ்வொரு தண்டு மட்டும் முழு நீளத்தில் வாங்கிச் சோதியுங்கள், டஜனாக வாங்காதீர்கள். முழு நீளத்தில் கொஞ்சம் துவண்டால் கால் கால் அங்குலமாக வெட்டி விறைப்பை ஏற்றலாம். வெட்டியதை ஒட்ட முடியாது, அதனால் வெட்டுவதைக் கடைசி வேலையாக வையுங்கள். இருக்கிற 500ஐயே காப்பாற்ற நினைத்தால் கனமான முனை ஒரு வழி. பக்கத்தில் தடித்த தோல் ஒட்டியிருந்தால் அதை எடுத்துவிட்டு மெல்லிய வெல்க்ரோ ஒட்டுவது இன்னொரு வழி. அம்பு வில்லின் நடுவை நெருங்கும், விறைப்பைப் பொறுத்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாது.

ஒற்றை அம்பை வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. இறகில்லாதவை குறைந்தது இரண்டு வேண்டும், ஒவ்வொரு சுற்றிலும் அவை ஒன்றாகச் சேர்ந்து குத்த வேண்டும். சேரவில்லை என்றால் பிரச்சினை நீங்கள் விரலிலிருந்து நாணை விடும் விதத்தில், வில்லைத் தொடாதீர்கள். எடுத்த இறகின் எடைக்கு ஈடாக வாலில் கொஞ்சம் டேப் சுற்றுங்கள். குத்திய அம்பு சாய்ந்து நிற்கும் கோணத்தைப் பார்த்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். பழைய ஓட்டைக்குள் நுழைந்தாலே கோணம் மாறும். எங்கே குத்தியது என்பதே சாட்சி. முதலில் ஆறேழு மீட்டரில் தொடங்கிப் பின்னால் போங்கள். கோணலாகக் குத்திய கார்பன் அம்பை மறுபடி எய்யும் முன் காதருகே வைத்து வளைத்து விரிசல் சத்தம் கேட்கிறதா பாருங்கள்.

15 மீட்டரில் இறகில்லாத அம்பு மற்றவற்றிலிருந்து ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் வந்துவிட்டால் நிறுத்திவிடலாம். மிச்சத்தை இறகு பார்த்துக்கொள்ளும். புது நாண் போட்டாலோ இழுப்பு அரை அங்குலம் கூடினாலோ மட்டும் இன்னொரு முறை பாருங்கள்.