வீடு மாறினாலும் பழைய சொத்து வரி தொடருமா?

கேள்வி: எனக்கு வயது 61. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் நெடுங்காலமாகச் சொந்த வீட்டில் வசிக்கிறோம். மகள் இருக்கும் சான் டியேகோவுக்குக் குடிபெயர விருப்பம். சொத்து வரி பல மடங்கு ஏறிவிடுமோ என்று தயக்கம். வீட்டை விற்காமல், டெக்சாஸில் வேலை பார்க்கும் மகனுக்கு விட்டுச் செல்வது மேலா?

பதில்: உங்கள் தயக்கத்தின் வேர் 1978இல் இருக்கிறது. அவ்வாண்டு வாக்காளர்கள் ஏற்ற 13ஆம் முன்மொழிவின்படி அடிப்படை வரி, வீட்டின் வரி மதிப்பில் (வரியைக் கணக்கிட அரசு கொள்ளும் மதிப்பு) 1 சதவீதம். அந்த மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது. வீடு கைமாறும்போதுதான் சந்தை விலைக்கு மறுமதிப்பீடு நடக்கும் என்பதால், பிள்ளைகள் வளர்ந்து போன பின்னும் முதியோர் பலர் பெரிய வீட்டை விட்டு நகராமலே இருந்துவிட்டார்கள்.

2020 நவம்பரில் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 19ஆம் முன்மொழிவு இந்தக் கட்டைத் தளர்த்தியது. 55 வயது நிறைந்தவர்கள், தாங்கள் குடியிருந்த வீட்டின் வரி மதிப்பை அம்மாநிலத்தின் எந்தக் கவுன்ட்டியிலும் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) வாங்கும் புதிய வீட்டுக்கு, மூன்று முறை வரை எடுத்துச் செல்லலாம். விற்பதற்கும் வாங்குவதற்கும் இடையே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. பழைய வீட்டின் வரி மதிப்பு 3 லட்சம் டாலர், விற்பனை விலை 12 லட்சம் என்று கொள்வோம். அதை விற்குமுன்பே 14 லட்சத்துக்குப் புதிய வீட்டை வாங்கினால், விலை வித்தியாசமான 2 லட்சம் மட்டுமே கூடி, வரி மதிப்பு 5 லட்சமாகும். அடிப்படை வரி ஆண்டுக்கு 14,000 டாலருக்குப் பதில் சுமார் 5,000 டாலர். புதிய வீட்டின் விலை பழையதைவிடக் கூடாவிட்டால் பழைய மதிப்பே தொடரும். விற்ற பிறகு வாங்குவோருக்கு, பழைய வீட்டின் விலையில் முதல் ஆண்டில் 105 சதவீதம் வரையும் இரண்டாம் ஆண்டில் 110 சதவீதம் வரையும் உள்ள விலை சம விலையாகவே கொள்ளப்படும்.

ஆனால் இச்சட்டம் ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்கிறது. முதியோருக்கான சலுகையை மட்டும் முன்வைத்த 5ஆம் முன்மொழிவை 2018இல் வாக்காளர்கள் நிராகரித்ததை நினைத்தால், இந்தப் பேரம் வியப்பளிக்காது. முன்பு பெற்றோரின் வீட்டைப் பெறும் பிள்ளை அதில் குடியிராமலே, வாடகைக்கு விட்டுக்கொண்டே பழைய வரியைக் கட்டலாம். 2021 பிப்ரவரி 16 முதல், ஓராண்டுக்குள் அதைத் தன் முதன்மைக் குடியிருப்பாக்கிக்கொண்டால்தான் சலுகை. அதற்கும் உச்சவரம்பு உண்டு. உங்கள் மகன் டெக்சாஸிலேயே இருந்துவிட்டால் ஃப்ரீமான்ட் வீடு முழுச் சந்தை விலைக்கு மறுமதிப்பீடு செய்யப்படும். ஆகவே வரியை மட்டும் முன்னிட்டு அவருக்காக வீட்டை வைத்திருப்பதில் பொருளில்லை என்பதே என் கருத்து.

இச்சலுகை தானாக வந்து சேராது. புதிய வீட்டில் குடியேறிய பின், சொத்து மதிப்பை நிர்ணயிக்கும் சான் டியேகோ கவுன்ட்டி அசெஸர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். வாங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்தால் முழுப் பயனும் கிட்டும். பழைய வீட்டை விற்ற லாபத்துக்கான வருமான வரி தனிக் கணக்கு. அதை விற்பதற்கு முன்பே வரி ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.