யூரியா விளக்கு எரிகிறது, பெட்டி மாட்டலாமா?

சங்ககிரி லாரி உரிமையாளர் ஒருவரின் கேள்வி: "என்னுடைய பன்னிரண்டு சக்கர லாரி, பி.எஸ்.6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டி. யூரியா விளக்கு அணைவதே இல்லை. லோடோடு தொப்பூர் ஏறும்போது இழுவை மிகவும் குறைந்துவிடுகிறது. சிறிய பெட்டி ஒன்றை மாட்டினால் இனி யூரியாவே ஊற்ற வேண்டாம் என்று பட்டறையில் சொல்கிறார்கள். மாட்டலாமா?"

மாட்டவே கூடாது. அந்தப் பெட்டி எந்தக் கோளாறையும் சரிசெய்வதில்லை. புகையில் உள்ள நச்சை முறிக்கத் தெளிக்கப்படும் யூரியாக் கரைசல் ஒழுங்காகத் தெளிக்கப்படுகிறது என்று இன்ஜின் கணினிக்குப் பொய் சொல்கிறது. விளக்கு அணையும், கணினி குறைத்து வைத்த இழுவையும் திரும்பும். ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு என்னும் நச்சு அப்படியே வெளியேறும். "புகைச் சான்றிதழ் கிடைத்துவிடும்" என்று தரகர்கள் துணிந்து சொல்வதற்குக் காரணம், பரிசோதனை மையங்களில் டீசல் வண்டிக்குப் புகையின் அடர்த்தியை மட்டும்தான் பார்க்கிறார்கள், நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை என்பதுதான். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 விதியால் இத்தனை விலையுயர்ந்த அமைப்பை உரிமையாளர் தலையில் ஏற்றியவர்கள், அது வேலை செய்கிறதா என்று பார்க்க இன்னும் வழி செய்யாதது பெரும் அநியாயம்.

உங்கள் வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது கரைசலைத்தான். அதில் 32.5 சதவீதம் தூய யூரியா, மீதி தாது உப்பு முழுவதும் நீக்கிய தண்ணீர் இருக்க வேண்டும். சாலையோரத்தில் கேனில் விலை குறைத்து விற்கப்படுவதில், வேப்பெண்ணெய் பூசிய வயல் யூரியாவை நம் பக்கத்துப் போர் தண்ணீரில் கரைத்த சரக்கும் உண்டு. அந்தத் தண்ணீரின் சுண்ணாம்பு, கரைசலைத் தெளிக்கும் நாசிலை அடைப்பதோடு, சைலன்சருக்குள் நச்சை முறிக்கும் வினையூக்கியையும் கெடுத்துவிடும். வியாபாரி கருவியில் ஒரு சொட்டு விட்டு 32.5 என்று காட்டினாலும் நம்பாதீர்கள். அது யூரியாவின் அளவைக் காட்டுமே தவிர, சுத்தத்தைக் காட்டாது. இந்தக் கரைசலுக்கான தர எண்ணான ஐ.எஸ்.ஓ. 22241 அச்சிட்ட, சீல் உடையாத கேனைப் பில்லோடு வாங்குங்கள், வெயிலில் வைக்காதீர்கள்.

நாசிலில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தாலே கலப்படம் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. நல்ல கரைசலும் பூக்கும். ஓட்டுநர் சாவியை அணைத்த கையோடு பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சையும் அணைத்துவிட்டால், குழாயில் நிற்கும் கரைசலைப் பம்ப் திரும்ப இழுக்க நேரமில்லாமல் அது அங்கேயே உறைந்து உப்பாகிவிடும். சாவியை அணைத்த பிறகு இரண்டு நிமிடமாவது பொறுத்து, அதன் பின்பே கட்-ஆஃபைத் தொடச் சொல்லுங்கள். நாசிலைக் கழற்றி, சுத்தமான வெந்நீரில் ஊறவைத்தால் யூரியா உப்பு கரைந்துவிடும். அப்படிக் கரைந்தால் புது நாசில் தேவையில்லை. கம்பியால் குத்தினால் துளை கெட்டுவிடும். கரையாமல் கல்லாக நின்றால் மட்டும் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

தொட்டியில் இருப்பதை முழுவதும் வடித்துவிட்டு நல்ல கரைசலை நிரப்பி, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்துக்குச் செல்லுங்கள். எடுத்த எடுப்பில் நைட்ரஜன் ஆக்சைடு சென்சாரை மாற்றச் சொன்னால், கணினி காட்டும் கோளாறு எண்ணை அச்சிட்டுத் தரும்படி கேளுங்கள். அந்தத் தாள் கைக்கு வரும் வரை எந்தப் பாகத்தையும் மாற்றச் சம்மதிக்காதீர்கள்.