வாசகர் கேள்வி–பதில்: செம்பனைத் தண்டில் பலகை

கேள்வி (உப்புவெளி): தெற்கில் வெட்டி அகற்றும் செம்பனை (பாம் எண்ணெய் மரம்) தண்டுகளை லொறிக்கூலி மட்டும் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எங்கள் தச்சுப் பட்டறையில் அரிந்து பலகையாக்கலாமா?

பதில்: தண்டாக ஏற்றாதீர்கள். பச்சைத் தண்டில் மரத்தைவிடத் தண்ணீர்தான் கூட. அடித்தண்டில் தோலை ஒட்டிய பகுதியிலேயே உலர் எடைக்குச் சமமான நீர் இருக்கும். உச்சிப் பக்கம், தண்டின் நடுவிலுள்ள மெத்தென்ற சோற்றில், அது ஐந்து மடங்குவரை போகும். மூன்று மடங்கு என்று வைத்தாலும் 1,000 கிலோ தண்டில் 750 கிலோ தண்ணீர். காலியிலிருந்து திருகோணமலைக்கு நீங்கள் கூலி கொடுப்பது அதற்குத்தான். அந்த நீரில் சீனியும், தண்டில் மாப்பொருளும் இருப்பதால் சில நாளிலேயே புளித்து, வெட்டுமுகம் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். குவித்த தண்டு உக்கினால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகும். அக்கம்பக்கத்துத் தென்னைகள் பாழாகும்.

வெட்டிய ஊரிலுள்ள மரக்காலையிலேயே ஓரிரு நாளில் அரிந்து, உலர்த்தி, பட்டிகளாக வாங்குங்கள். தோலையும் நடுச்சோற்றையும் கழித்துவிட வேண்டும். வெளிவட்டம் கனமீற்றருக்கு 600 கிலோ வரை வரும், நடு 200தான். தடித்த பலகையை அவசரப்பட்டு அதிக சூட்டில் உலர்த்தினால் சோறு உள்வாங்கி, மேற்பரப்பு அலையலையாகிவிடும். 25 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம். மரம் மென்மையாக இருக்கிறதென்று சாதாரண வாள் போடவும் வேண்டாம். உள்ளேயுள்ள சிலிக்கா பல்லைத் தேய்த்துவிடும். கார்பைட் பல் வைத்த வாளே தாங்கும்.

அந்தப் பட்டிகளை நடுவில் அடுக்கி, இரு முகத்திலும் வேறு மரத்தின் ஏட்டை (மெல்லிய மரத்தகட்டை) ஒட்டினால் அலுமாரிக் கதவுக்கு நல்ல இலேசான பலகை கிடைக்கும்.

கேள்வி (கிண்ணியா): செம்பனை ஏடுகளை யூரியா பசையில் ஒட்டி ஹொட் பிரஸில் வைத்தோம். திறந்ததும் படாரென்று நடுவில் உப்பிப் பிரிந்தது. பசை பழுதா?

பதில்: பசையைவிட ஈரத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். 110–120 பாகைச் சூட்டில் ஏட்டுக்குள் இருந்த நீர் ஆவியாகி அடைபட்டுக் கிடக்கிறது. அழுத்தம் விட்டதும் வெடித்து வெளியேறுகிறது. ஏட்டின் ஈரம் 8 வீதத்தைத் தாண்டக்கூடாது. வேறு மரத்துக்கென அளவமைத்த ஈரமானியை நம்பாமல் நிறுத்துப் பாருங்கள்: 100 கிராம் துண்டை 103 பாகை அடுப்பில், எடை இனிக் குறையாது என்னும்வரை வையுங்கள். 92 கிராமில் நின்றால் குறைந்த 8ஐ உலர் எடையான 92ஆல் வகுக்க வேண்டும், ஈரம் 8.7 வீதம், இன்னும் காயவேண்டும். மாரியில் காலையில் காய்ந்த ஏடு மாலைக்குள் ஈரம் இழுத்துவிடும். கச்சான் வீசும் மாதங்களில் இந்தத் தொல்லை குறைவு. பொலித்தீனில் சுற்றி வைத்து, பசை பூசும் நேரத்தில் மட்டும் பிரியுங்கள். அழுத்தத்தையும் ஒரேயடியாக விடாமல் படிப்படியாகக் குறையுங்கள்.

உப்பாமல், ஆனால் ஏடு உரிந்து வந்தால் அது வேறு குறை. சோறு பசையைக் குடித்துவிட்டது. கோதுமை மா சேர்த்துப் பசையைத் தடிப்பாக்கிப் பூசுங்கள்.

கேள்வி (மூதூர்): கூரைக்குப் போடலாமா? வண்டு அரிக்குமா?

பதில்: கூரைக்கு வேண்டவே வேண்டாம். பனஞ்சிலாகை தாங்கும் பாரத்தை இது தாங்காது. மாப்பொருள் இருப்பதால் வண்டும் அரிக்கும். ஒட்டுவதற்கு முன், 95 லீற்றர் நீரில் 3 கிலோ போராக்ஸும் 2 கிலோ போரிக் அமிலமும் கரைத்துப் பட்டிகளை ஊறவைத்து, திரும்பவும் உலர்த்துங்கள். இந்த மருந்து மழையில் கரைந்து போகும். யூரியா பசையும் நனைந்தால் விட்டுவிடும். ஆகவே வீட்டுக்குள் பாவிக்கும் தளபாடத்துக்கு மட்டும் இந்தப் பலகை.